கப்பலடி

2022 ஆகஸ்டில் இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. அதற்கு முந்திய மாதங்களில் காசை நீட்டினாலும் எண்ணெய் கிடைக்கவில்லை. மட்டக்களப்பில் எரிபொருள் நிலையத்துக்கு முன்னால் வெற்றுக் கலன்களை வரிசையில் வைத்துவிட்டு மீனவர்கள் மரநிழலில் படுத்துக் கிடந்தார்கள். மருமகனுக்குத் துணையாக அங்கே போய் நின்றிருந்தார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கலன் நிறையும்போது கொஞ்சம் எண்ணெய் வழிந்து அவருடைய விரல்களில் பட்டது. துடைக்காமல் கையை மூக்கருகே கொண்டுபோனார். நாவலடிக் கரையில், விடியாத இருட்டில், மாமா எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றும் மணம் அது.

அப்போது அந்த ஆசிரியர் பள்ளிக்கூடப் பையன். போர் இன்னும் அந்தக் கடலுக்கு வந்திருக்கவில்லை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் வங்கக் கடல், நடுவே ஒடுங்கிக் கிடந்த மணல்திட்டில் அவர்களுடைய ஊர். அம்மாவின் தம்பியிடம் 18 அடி பைபர் போட்டு ஒன்றும், கயிற்றைச் சுண்டி இழுத்துக் கிளப்பும் எஞ்சின் ஒன்றும் இருந்தன. ஊரில் பலர் கரைவலை இழுத்தார்கள், சிலர் சூரைக்கு வலை விட்டார்கள். மாமாவுக்குத் தூண்டில்தான். அதிலும் கடலடிப் பாறைகளில் வாழும் பார்மீன் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பாரில் பிடிபடாத அளவு மீன் வேண்டுமென்றால், கடலடியில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கும் கப்பலடிக்குப் போவார்.

கப்பலடிக்குப் போகிற நாளுக்கு முந்திய மாலையே வீட்டில் வேலை தொடங்கிவிடும். அவனுடைய பொறுப்பு கல் பொறுக்குவது. உள்ளங்கைக்குள் அடங்குகிற, நடுவில் சற்று இடுங்கிய கற்களாகத் தேட வேண்டும். தூண்டில் கயிற்றின் நுனியில் ஈயம் கட்டினால் கட்டுபடியாகாது. கீழே இரும்பு ஒவ்வொரு முறையும் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே கல். அதையும் இற்றுப்போன மெல்லிய நூலில்தான் மாமா கட்டுவார். கல் சிக்கினால் நூல் அறும், கல் மட்டும் போகும், தூண்டில் தப்பும். பழைய சைக்கிள் ரியூப்பை மோதிரம் மோதிரமாக நறுக்கி ஆளுக்கு நான்காக எடுத்து வைப்பார்கள். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் அதை மாட்டாமல் அங்கே தங்கூசியைப் பிடித்தால் எலும்பு தெரியும். இரைக்குக் கணவாயும், கீரிமீன் துண்டும். பிறகு, மரச்சட்டத்தில் சுற்றிய நூறு பாகம் தங்கூசியை மாமா முழுதாக அவிழ்த்து, அடிக்கு அடி விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்புத் தட்டிய இடத்தை வெட்டி முடிச்சுப் போட்டுத் திரும்பச் சுற்றுவார். அந்த வேலையின்போது யாரும் அவரோடு பேசுவதில்லை.

அம்மம்மாவுக்கு இந்தப் பயணம் ஒருநாளும் பிடித்ததில்லை.

கடலடியில் கிடந்த அந்தக் கப்பல் பிரித்தானியக் கடற்படையின் ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அதுதான்; 1919 இல் நீரில் இறங்கி 1924 இல் சேவைக்கு வந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்தது திருகோணமலை என்று தெரிந்ததும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை இரவோடிரவாக வெளியே அனுப்பினார்கள். ஹெர்மிஸ் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயரோடு கரையை ஒட்டித் தெற்கே வந்தது. அதன் தளத்தில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. 9 ஆம் திகதி காலை எண்பதுக்கும் மேற்பட்ட ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் வந்து பாய்ந்தன. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. ஹெர்மிஸில் 307 பேரும் வம்பயரில் 9 பேரும் இறந்தார்கள். அந்தப் பக்கமாக வந்த வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ அறுநூறு பேரை நீரிலிருந்து தூக்கியெடுத்தது.

அம்மம்மா இதை வேறு விதமாகச் சொல்வார். சித்திரை வருசத்துக்கு இன்னும் நாலைந்து நாள். பலகாரத்துக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தார்களாம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, ஆனால் கிழக்கே இடி விடாமல் முழங்கியதாம். உலக்கையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடியபோது கடலுக்கு மேலே கறுத்த புகை நின்றதாம். “அத்தனை பிள்ளைகள் கிடக்கிற இடம் மனே, அங்க போய்த் தூண்டில் போடுறானே” என்று மகனைப் பற்றிப் பேரனிடம் குறைப்படுவார். கப்பலடியில் பிடித்த மீனை அவர் கடைசிவரை வாயில் வைத்ததில்லை. வீடு முழுக்கக் கலவாய்க் குழம்பு மணக்கும். அவருக்கு மட்டும் கத்தரிக்காய்ப் பால்கறி.

மாமாவும் அங்கே இறந்தவர்களை மறந்தவரல்ல. முதல் கல்லை இறக்குமுன் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நீரில் விடுவார். அதற்கு விளக்கம் சொன்னதில்லை.

நினைவில் நிற்கிற அந்த நாள் ஆவணிக் கடைசி. கோடையில் வாவியின் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். மழை வந்து வாவி நிறைந்து உடைக்கும்வரை உள்ளிருந்து கடலுக்கு வழி இல்லை. ஆகவே கடற்கரையிலிருந்தே போட்டைத் தள்ள வேண்டும். மாமா, எஞ்சின் பிடிக்கும் அவருடைய மச்சான், அவன். உருளைக் கட்டைகளை அடியில் கொடுத்து நீர் தொடும்வரை தள்ளிக்கொண்டு போய், மூன்று பெரிய அலை உடைந்து முடிந்த இடைவெளியில் பாய்ந்து ஏறினார்கள். இரண்டாம் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அணியத்தில் உட்கார்ந்திருந்தவனின் முகத்தில் உப்புநீர் அறைந்தது.

இருட்டோடு புறப்படுவதற்குக் காரணம் மீன் அல்ல, மலை. கரையிலிருந்து ஐந்து கடல்மைல் வெளியே, ஐம்பது மீற்றருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிற ஒரு கப்பலை மேலிருந்து கண்டுபிடிக்க இரண்டு கோடுகள் வேண்டும். ஒரு கோட்டுக்குப் பாலமீன்மடு வெளிச்சவீடு. 1913 இல் கட்டிய, 28 மீற்றர் உயர வெள்ளைக் கோபுரம். அதற்குப் பின்னால் உள்நாட்டில் தொலைவில் நீலமாகத் தெரியும் குடும்பிமலை. ஆங்கிலேயரின் கடல் வரைபடங்களில் அதற்கு பேரன்ஸ் கேப் என்று பெயர். அவர்களும் கடலிலிருந்து பார்த்துத்தான் பெயர் வைத்திருக்க வேண்டும். வெளிச்சவீட்டுக்கும் மலை உச்சிக்கும் நடுவே இத்தனை விரல் இடைவெளி என்று மாமா கையை நீட்டி அளப்பார். மற்றக் கோட்டுக்குத் தெற்கே கரையில் நின்ற இரட்டைத் தென்னையும் அதன் பின்னால் வரும் இன்னொரு மலைத்தலையும். வெயில் ஏறி மூட்டம் போட்டதும் மலைகள் மறைந்துவிடும். விடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இடத்தைப் பிடிக்காவிட்டால் அன்றைய எண்ணெய் வீண். எத்தனை விரல் என்பதை மாமா தன் போட்டில் ஏறாத யாருக்கும் சொன்னதில்லை. ஊரில் யாரும் கேட்டதுமில்லை. ஒருவருடைய அடையாளத்தைக் கேட்பது அவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கக் கேட்பதற்குச் சமம்.

இரண்டு கோடும் சேர்ந்த இடத்தில் எஞ்சின் நின்றது. மாமா ஒரு ஈயக்கட்டியின் அடிக்குழியில் சவர்க்காரத்தை அழுத்தித் தடவிக் கயிற்றில் இறக்கினார். கயிறு ஓடி நின்றதும் கைகளை விரித்து விரித்துப் பாகம் அளந்தபடி மேலே இழுத்தார். முப்பதுக்குச் சற்றுக் குறைவு. சவர்க்காரத்தில் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. கொஞ்சம் நகர்ந்து மறுபடி. அந்த முறை இருபத்திமூன்று பாகத்திலேயே கயிறு தளர்ந்தது. மேலே வந்த சவர்க்காரத்தில் மணல் இல்லை. நகத்தளவு துரு, அதில் ஒட்டிய ஒரு சிப்பித் துண்டு. அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். ஈரம் காயாத செங்கபிலத் தூள் விரலில் அப்பிக்கொண்டது. ஒரு போர்க்கப்பலின் உடம்பிலிருந்து வந்தது என்று நினைத்தபோது அவனுக்கு வயிற்றைப் பிசைந்தது.

மணல் வெளியில் தனியாக ஓர் இரும்பு மலை கிடந்தால் என்ன நடக்கும் என்பதை மாமா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனால் சரியாகச் சொன்னார். ஓடுகிற நீர் அதில் மோதி மேலே எழும்பும். அதோடு மேலெழும் தீனியைத் தின்னச் சின்ன மீன் கூடும். சின்ன மீனுக்காகப் பாரையும் சீலாவும் சுற்றும். அறைகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் கலவாய் குடியிருக்கும். பெரிய மீன் நீர் வந்து மோதுகிற பக்கத்தில் நிற்கும். அன்று நீர் வடக்கிலிருந்து தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே கப்பலுக்கு வடக்கே தள்ளி நங்கூரத்தைப் போட்டுக் கயிற்றை விட்டுவிட்டுப் பின்வாங்கி, போட்டின் பின்பக்கம் கப்பலின் விளிம்புக்கு மேலே வருமாறு நிறுத்தினார். நங்கூரம் என்றால் கட்டிட வேலைக் கம்பியை வளைத்துச் செய்தது. சிக்கினாலும் பலமாக இழுத்தால் கொக்கி நிமிர்ந்து கழன்று வரும்.

வெற்றிலை நீரில் போனது. கற்கள் இறங்கின.

கலவாய் கடித்தால் தட்டுவதில்லை, ஒரு கனம் ஏறும். அடுத்த நொடி அது பொந்தை நோக்கித் திரும்பும். அந்த நொடிக்குள் இரண்டு பாகம் மேலே எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மீன் நம்முடையது, விட்டால் கப்பலுடையது. “எடு, எடு, எடு!” என்று மாமா கத்தினார். அவன் எழுந்து நின்று, முழங்காலைப் போட்டின் விளிம்பில் கொடுத்து, கை மாற்றிக் கை மாற்றி இழுத்தான். ரியூப் வளையத்தைத் தங்கூசி அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. பத்துப் பாகம் வந்த பிறகு கனம் தளர்ந்தது. ஆழத்திலிருந்து வரும் மீனுக்குள் காற்றுப் பை ஊதிவிடும். கடைசிப் பாகங்களில் அது தானாகவே மிதந்து ஏறும். பச்சை நீருக்குள் முதலில் ஒரு கபில நிழல், பிறகு வாய் திறந்தபடி, இரைப்பை தொண்டைக்குள் பிதுங்கி நிற்க, கரும்புள்ளி போட்ட கலவாய். இருவர் சேர்ந்து செவுளில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

அதன் பிறகு விளைமீனும் செப்பலியுமாக வந்தன. மாமாவின் மச்சானுக்கு ஒரு பெரிய பாரை. அது பொந்துக்கு ஓடவில்லை. தெற்கே நீரோட்டத்தோடு பாய்ந்தது. மரச்சட்டம் போட்டுக்குள் துள்ளித் துள்ளி உருண்டது. அரை மணித்தியாலம் யாரும் வேறு தூண்டில் போடவில்லை.

காற்று மாறியதை அவன் கவனிக்கவில்லை. மாமா கவனித்தார். சோளகம் எழும்பி விட்டது. நீர் வடக்கிலிருந்து வருகிறது, காற்று தெற்கிலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே திசை என்றால் அலை நீண்டு படுத்து ஓடும், போட்டு ஏறி இறங்கும், அவ்வளவுதான். எதிரெதிர் என்றால் அலை குறுகிச் செங்குத்தாக நிமிரும். நங்கூரக் கயிறு போட்டின் முகத்தை வடக்கே பிடிக்கிறது. காற்று பின்பக்கத்தை வடக்கே தள்ளுகிறது. கடைசியில் போட்டு இரண்டுக்கும் கட்டுப்படாமல் குறுக்கே கிடந்து உருளத் தொடங்கியது. ஒரு பக்கம் சாயும்போது மீன்கள் எல்லாம் அந்தப் பக்கம் வழுக்கிச் சேர்ந்து இன்னும் சாய்த்தன. அவன் வெட்டிய கலனால் நீரை அள்ளி ஊற்றினான். அள்ளிய அளவுக்கு அடுத்த அலை உள்ளே போட்டது.

கடல் கலங்கினால் கப்பலடியில் மீன் வெறிபிடித்துத் தின்னும். அதுதான் சோதனை. கல் அடியைத் தொடுமுன்னே கடித்தது. மச்சான் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டார். மாமா தன் தூண்டிலை ஏற்கெனவே சுற்றிவிட்டிருந்தார்.

“காணும். எடுங்க.”

நங்கூரம் வரவில்லை. கம்பி நிமிர வேண்டும்; அன்று கொக்கி அல்ல, கயிறே எதிலோ சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சினைப் போட்டு முன்னே போய் இழுத்தபோது, எழுந்த அலை ஒன்றில் அணியத்தால் கூடவே எழும்ப முடியவில்லை. கயிறு கீழே பிடித்தது. நீர் முன்பக்கத்தால் பலகை போல உள்ளே வந்தது. மாமா கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். அந்தக் கயிறு புதிது. இரண்டு தவணையாகக் காசு கொடுத்து வாங்கியது. “நங்கூரம் கப்பலுக்கு. நீ தண்ணிய அள்ளு மனே” என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

திரும்பும் வழியில் அலை பக்கவாட்டில் அடித்தது. நேரே மேற்கே பிடித்தால் கவிழும். தென்மேற்காக அலையில் முகம் கொடுத்துக் கொஞ்சத் தூரம், பிறகு ஓர் இடைவெளி பார்த்து வடமேற்கே திருப்பி அலையைப் பின்னால் வாங்கிக் கொஞ்சத் தூரம் என்று கோணல்மாணலாக வந்தார்கள். ஐந்து மைல் கடப்பதற்குள் உச்சி திரும்பிவிட்டது. கடைசி இருநூறு மீற்றர்தான் பெரும்பாடு. அலை உடைகிற கோட்டுக்கு வெளியே எஞ்சினைக் குறைத்து நின்றார்கள். கரையில் ஆட்கள் கூடிவிட்டிருந்தார்கள். ஒரு கிழவர் சாரத்தை அவிழ்த்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அதை இறக்கும்வரை உள்ளே வரக்கூடாது. உயரத்திலிருந்து பார்க்கிற அவருக்குத்தான் அடுத்து வரும் அலை தெரியும். சாரம் இறங்கியது. பெரிய அலையின் முதுகில், அதை முந்தாமல், அதற்குப் பிந்தாமல் ஓடி, தரை தட்டுகிற கணத்தில் மச்சான் எஞ்சினைத் தூக்கி மடித்தார். பத்துக் கைகள் போட்டைப் பிடித்தன.

அந்தப் பத்துக் கைகளுக்கும் கறிக்கு மீன் உண்டு. கேட்க வேண்டியதில்லை, கொடுக்க மறப்பதும் இல்லை. சாரம் பிடித்த கிழவருக்கு விளைமீன். ஆண் இல்லாத இரண்டு வீடுகளுக்குப் பனையோலையில் கோத்து அவன் கொண்டுபோய்க் கொடுப்பான். மிச்சத்தை விற்று, எண்ணெய்க் காசு கழித்து, போட்டுக்கும் எஞ்சினுக்கும் பாதி, ஆட்களுக்குப் பாதி. அறுத்த கயிற்றின் காசை மாமா தன் பங்கில்தான் கழித்தார். இன்று கரையில் இறங்கிய மீன் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போய், பெட்டி லொறிக்குள் போய்விடுகிறது. போட்டு இழுக்க வருகிறவருக்குக் கூலி. மீன் கொடுக்கும் பழக்கம் சில கரைகளில் இன்னும் இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல்.

பிறகு போர் வந்தது. கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு, இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டளை, எஞ்சின் வலுவுக்கு வரம்பு. ஐந்து மைல் வெளியே நங்கூரம் போட்டு நிற்பதை யார் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியாத காலம். மாமா கரையோரப் பாரோடு நிறுத்திக்கொண்டார். கப்பலடியைப் பற்றிய பேச்சு வீட்டில் குறைந்து நின்றது. சுனாமிக்கு முன்பே அவர் படுக்கையில் காலமானார்.

2004 டிசம்பர் 26 அன்று நாவலடி வழியாகக் கடல் வாவிக்குள் போனது. ஊரில் இழக்காத வீடு இல்லை. எஞ்சியவர்களுக்குத் திராய்மடுவில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதே கரையில் சற்றுத் தெற்கே திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் அன்று சாய்ந்தது. இரட்டைத் தென்னையும் போயிற்று. மாமாவின் இரண்டு கோடுகளில் ஒன்று அத்தோடு அழிந்தது. மற்றதில் வெளிச்சவீடும் குடும்பிமலையும் அப்படியே நிற்கின்றன.

2009 இல் போர் முடிந்ததும் வெளிநாட்டுச் சுழியோடிகள் ஹெர்மிஸைத் தேடி வந்தார்கள். அவர்கள் எடுத்த படங்களை ஆசிரியர் கைபேசியில் பார்த்தார். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் கப்பல், மென்பவளம் பூத்த பீரங்கி, அதைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாக மீன், இரும்பெங்கும் சிக்கிய கயிறும் வலைத்துண்டும். நெடுநேரம் ஒவ்வொரு கயிறாகப் பெரிதாக்கிப் பார்த்தார். வடக்கே கல்குடாப் பக்கம் அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல், ஏறத்தாழ 24 மீற்றரில் கிடக்கிறது. அது இன்னும் எளிதில் எட்டுகிற ஆழம். இப்படிப்பட்ட இடங்களில் டைனமைட் வீசி மீன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் தடுக்கிறது, இருந்தும் நடக்கிறது. ஒரு வெடியில் மிதக்கிற மீனை விட அடியில் சாகிற மீன் அதிகம்; வெடித்த இரும்பு மடிந்து விழுந்தால் அங்கே குடியிருந்த கலவாய்க்குத் திரும்பி வர இடமில்லை. நூற்றுக்கணக்கானவர் இறந்து கிடக்கிற இடத்தில் இதைச் செய்ய எப்படி மனம் வருகிறது என்று அம்மம்மா கேட்டிருப்பார். தூண்டில் போட்டதற்கே பொறுக்காதவர் அவர்.

மருமகனின் போட்டில் இப்போது ஜீபிஎஸ் இருக்கிறது. இரவிலும் மூட்டத்திலும் கப்பலின் மேலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. விரல் அளக்க வேண்டியதில்லை. அந்த இலக்கங்கள் யாரிடமும் கிடைக்கின்றன. எண்ணெய் கிடைத்த அன்று மாலை, எஞ்சினைத் துடைத்தபடி அவன் கேட்டான்:

“மாமா, இடம் காட்டுது. ஆனா போன முறை ஒரு மணித்தியாலம் நின்றும் ஒண்டும் கடிக்கல்ல. எந்தப் பக்கம் நிக்கிற?”

“நீர் எங்கால ஓடினது?”

அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆசிரியர் மணலில் உட்கார்ந்து ஒரு குச்சியை எடுத்துக் கப்பலை வரைந்தார். நீர் வருகிற பக்கம் ஓர் அம்பு, அதற்கு அப்பால் நங்கூரம், கயிறு எத்தனை பாகம் விட வேண்டும், போட்டின் பின்பக்கம் எங்கே வர வேண்டும். சோளகம் எழும்பினால் போட்டு எப்படிக் குறுக்கே கிடக்கும் என்பதையும் வரைந்தார். கத்தியை எங்கே வைக்கிறாய் என்று கேட்டார். பெட்டிக்குள் என்றான். பெட்டிக்குள் வேண்டாம், அணியத்தில் கை எட்டுகிற இடத்தில் கட்டி வை என்றார். பிறகு ஒரு சவர்க்காரத் துண்டு கொண்டுவரச் சொன்னார்.